வாக்குப்பதிவுக்கு முன்பே நடந்து முடியும் தேர்தல்: அகியாவ் தொகுதி சொல்வது என்ன?

பீகார் சட்டமன்றத் தேர்தலின் முடிவுகள் நவம்பர் 14 அன்று வெளியாயின. 243 இடங்களில் 202 இடங்களைத் தேசிய ஜனநாயகக் கூட்டணி எடுத்துக் கொண்டது. அந்தப் பெரிய எண்ணைச் சுற்றியே ஊடகங்கள் கூத்தாடின. அதன் நிழலில் மறைந்து போன ஒரு சிறிய எண்ணைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது. போஜ்பூர் மாவட்டத்தின் அகியாவ் தனித்தொகுதியில் இகக (மாலெ) வேட்பாளர் தோழர் சிவ் பிரகாஷ் ரஞ்சன் பாஜகவிடம் 95 வாக்குகளில் தோற்றார். அதே மாவட்டத்தின் சந்தேஷ் தொகுதியில் நமது கூட்டணிக் கட்சியான ராஷ்டிரிய ஜனதா தளம் 27 வாக்குகளில் தோற்றது.

தேர்தலில் வெற்றி தோல்வி இயல்பு, ஒரு வாக்கில் தோற்றாலும் தோல்வி தோல்விதான் என்று சொல்வோர் உண்டு. வாக்காளர் பட்டியல் ஒழுங்காக இருந்த இடத்தில் அந்த வாதம் செல்லும். வாக்குப்பதிவுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு பட்டியலையே கலைத்துப் போட்டு, மாநிலம் முழுவதிலும் 68 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை அடித்துவிட்டு நடத்தப்பட்ட தேர்தலில் அந்த வாதம் செல்லாது. அகியாவ் மண்ணில் அது சற்றும் செல்லாது. ஏனெனில் அந்த மண்ணில் ஏழைகள் வாக்குச்சாவடிக்குள் காலெடுத்து வைப்பதற்கே ஒரு தலைமுறை இரத்தம் சிந்தியிருக்கிறது.

சஹாரின் கதை

2008 தொகுதி மறுவரையறைக்கு முன்பு அப்பகுதியில் சஹார் என்றொரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 1967 தேர்தலில் தோழர் ராம் நரேஷ் ராம் அங்கு மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளராக நின்றார். வாக்குப்பதிவு நாளில் ஏக்வாரி கிராமத்தில் நிலப்பிரபுக்களின் ஆட்கள் வாக்குச்சாவடியில் அட்டூழியம் செய்தனர். அதைத் தட்டிக் கேட்ட பள்ளி ஆசிரியர் ஜகதீஷ் மஹதோவை அடித்து நொறுக்கினர். அவர் மாதக் கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்த அந்த ஆசிரியர்தான் தோழர்கள் ராம் நரேஷ் ராம், ராமேஷ்வர் அஹிர் ஆகியோருடன் சேர்ந்து போஜ்பூரின் புரட்சிகர விவசாயிகள் இயக்கத்தைக் கட்டியெழுப்பினார். 1972இல் அவர் கொல்லப்பட்டார்.

போஜ்பூர் இயக்கத்தைத் தேர்தலை வெறுத்தவர்களின் ஆயுதக் கலகம் என்று மட்டுமே சித்திரிக்கும் பழக்கம் முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு உண்டு. நடந்தது தலைகீழானது. வாக்களிக்கப் போனவன் அடிபட்டான். துப்பாக்கியோடு வாக்குச்சாவடியைக் காத்து நின்றவன் நிலப்பிரபு. நிலம், கூலி, மானம் ஆகியவற்றோடு சேர்ந்து வாக்குரிமையும் அந்த இயக்கத்தின் பிறப்பிலேயே இருந்தது.

1989 நவம்பரில், இந்திய மக்கள் முன்னணியின் வேட்பாளர் தோழர் ராமேஷ்வர் பிரசாத் ஆரா நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார். போஜ்பூரின் தலித்துகளில் பெரும்பகுதியினர் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்த தேர்தல் அது. வாக்களிக்கத் துணிந்த குற்றத்துக்காக தன்வார்-பிஹ்டாவில் இருபதுக்கும் மேற்பட்ட தலித்துகள் அதே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1995இல் சஹார் தொகுதி தோழர் ராம் நரேஷ் ராமைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2010இல் மறையும் வரை அவரே அதன் உறுப்பினர். அவர் வென்ற மறு ஆண்டு, 1996 ஜூலை 11 அன்று, பதானி டோலாவில் ரன்வீர் சேனா 21 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

பதானி டோலா வழக்கில் ஆரா நீதிமன்றம் 2010இல் 23 பேரைத் தண்டித்தது. 2012 ஏப்ரலில் பாட்னா உயர்நீதிமன்றம் அந்த 23 பேரையும் விடுவித்தது. வெண்மணித் தீர்ப்பை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. அகியாவுக்கு வருவோம். சஹார் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டபின் உருவான தொகுதிகளில் அதுவும் ஒன்று. 2010இல் பாஜகவும் 2015இல் ஐக்கிய ஜனதா தளமும் அங்கு வென்றன. 2020இல் தோழர் மனோஜ் மன்ஜில் 48,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அரசுப் பள்ளிகளின் அவலத்தை எதிர்த்துச் சாலையிலேயே வகுப்பு நடத்தும் ‘சடக் பர் ஸ்கூல்’ இயக்கத்தை நடத்தியவர் அவர். 2024 பிப்ரவரியில், 2015ஆம் ஆண்டின் கொலை வழக்கு ஒன்றில் அவருக்கும் மற்றத் தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அவரது உறுப்பினர் பதவி பறிக்கப்பட்டது. பொய்யாகப் பிணைக்கப்பட்ட வழக்கு அது என்பது கட்சியின் நிலைப்பாடு. தண்டிக்கப்பட்டோர் மொத்தம் 23 பேர். அங்கே 23 பேர் விடுதலை, இங்கே 23 பேருக்கு ஆயுள். இந்த எண்கள் தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். எந்த வர்க்கத்துக்கு எந்தத் தீர்ப்பு என்பது தற்செயலன்று.

உறுப்பினரைச் சிறைக்கு அனுப்பினால் தொகுதி கைமாறும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தனர். 2024 ஜூன் இடைத்தேர்தலில் தோழர் சிவ் பிரகாஷ் ரஞ்சன் 29,000க்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். நாடாளுமன்றத் தேர்தலிலும் ஆரா தொகுதி இகக (மாலெ)யின் தோழர் சுதாமா பிரசாதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த 17 மாதங்களில் 29,000 என்ற முன்னிலை கரைந்து 95 என்ற பின்னடைவாயிற்று.

பட்டியலில் என்ன நடந்தது?

2025 ஜூன் 24 அன்று தேர்தல் ஆணையம் பீகாரில் ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’ என்று அறிவித்தபோது மாநிலத்தில் 7.89 கோடி வாக்காளர்கள் இருந்தனர். ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 7.24 கோடி. 65 லட்சம் பேர் ஒரே வீச்சில் காணாமல் போயினர். இறந்தோர் 22 லட்சம், இடம்பெயர்ந்தோர் அல்லது கண்டறியப்படாதோர் 36 லட்சம், இரட்டைப் பதிவு 7 லட்சம் என்று ஆணையம் வகை பிரித்தது. யார் அந்த 65 லட்சம் பேர் என்று கேட்டபோது, தனிப்பட்டியல் வெளியிடும் கடமை தனக்கில்லை என்று உச்சநீதிமன்றத்திலேயே சாதித்தது. ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே பெயர்களும் காரணங்களும் வெளிவந்தன. அதற்கு இரு நாட்கள் முன்பு, ‘இறந்தவர்’ என்று அடிக்கப்பட்ட இருவர் அந்த நீதிமன்ற அறையில் உயிரோடு நின்றிருந்தனர். செப்டம்பர் 30 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 7.42 கோடிப் பேர். மேலும் 3.66 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. 21.53 லட்சம் பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன.

சட்டவிரோதக் குடியேறிகளைக் களையெடுப்பதும் இத்திருத்தத்தின் நோக்கம் என்று ஆணையம் சொன்னது. பீகாரில் எத்தனை வெளிநாட்டினர் பிடிபட்டனர் என்ற எண்ணிக்கை இறுதிப் பட்டியலோடு வரவில்லை. வீட்டில் பெருச்சாளி இருக்கிறதென்று சொல்லிச் சுவரை இடித்தவன், பெருச்சாளி எங்கே என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான்.

எண்ணிக்கையைவிட முக்கியமானது முறை. 2003 பட்டியலில் பெயர் இல்லாத ஒவ்வொருவரும் தாம் குடிமக்களே என்று தாமே நிறுவ வேண்டும் என்றது ஆணையம். 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவர்கள் பெற்றோரின் ஆவணத்தையும் காட்ட வேண்டும். ஏற்கப்பட்ட 11 ஆவணங்களில் ஆதார் இல்லை, குடும்ப அட்டை இல்லை, ஆணையமே வழங்கிய வாக்காளர் அடையாள அட்டையும் இல்லை. மெட்ரிகுலேஷன் சான்றிதழும் கடவுச்சீட்டும் நிலப்பத்திரமும் உள்ளவனுக்கு இது ஐந்து நிமிட வேலை. அகியாவ் தலித் குடியிருப்பில் நிலமற்ற முசஹர் பெண்ணுக்கு? பிறந்த வீடு வேறு ஊர், தாய் தந்தையின் பெயர் வேறு தொகுதியின் பட்டியலில். வெளியூருக்குப் பிழைக்கப் போவோரில் பெரும்பாலோர் ஆண்கள். வரைவுப் பட்டியலில் அடிக்கப்பட்டோரில் பாதிக்கு மேல் பெண்கள். ஆணையத்தின் ‘இடம்பெயர்ந்தோர்’ கணக்கின் யோக்கியதைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. செப்டம்பர் 8 அன்று, எல்லாம் முடிகிற நேரத்தில், நீதிமன்ற ஆணையின் பேரில் ஆதார் பன்னிரண்டாவது ஆவணமாக ஏற்கப்பட்டது.

பட்டியலில் ஒரு முறை இடம்பெற்றவர் குடிமகன் என்றே கொள்ளப்பட வேண்டும், மறுப்பவரே அதை நிறுவ வேண்டும் என்ற நெறியை உச்சநீதிமன்றம் 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் வலியுறுத்தியது. அதற்கும் முன்னால் போகலாம். 1949 ஜூனில் அரசியல் நிர்ணய சபையில், ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி ஆணையம் என்ற முந்தைய ஏற்பாட்டைக் கைவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையம் வேண்டும் என்று அம்பேத்கர் முன்மொழிந்தார். அதற்கு அவர் கூறிய காரணம், சில மாகாணங்களில் இனத்தாலும் மொழியாலும் பண்பாட்டாலும் சிறுபான்மையாக இருப்போர் வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்படுகின்றனர் என்பதே. எவரும் பட்டியலிலிருந்து தள்ளப்படாமல் காக்கப் பிறந்த ஆணையம், இன்று தள்ளும் கருவியாக மாறியிருக்கிறது. அது ஏன் மாறியது என்பதற்கு நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆணையர்களைத் தேர்வு செய்யும் குழுவில் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மோடி அரசு சட்டம் இயற்றி, நீதிபதியின் நாற்காலியில் ஒன்றிய அமைச்சரை உட்கார வைத்துக் கொண்டது. பிரதமர், அவரது அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். இரண்டுக்கு ஒன்று. ஆட்டக்காரனே நடுவரை நியமிக்கும் ஏற்பாடு இது.

இப்போது 95க்கு வருவோம். நீக்கப்பட்ட மொத்தப் பெயர்களை 243 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்குச் சராசரியாக 28,000 பெயர்கள். அகியாவின் எண்ணிக்கை இந்தச் சராசரிக்கு மேலோ கீழோ இருக்கலாம். ஆணையத்துக்கு மிகச் சாதகமாகவே கணக்கிடுவோம். நீக்கப்பட்ட 28,000 பெயர்களில் 99.5 சதம் சரியாகவே நீக்கப்பட்டன என்று வைத்துக் கொள்வோம். எஞ்சிய அரை சதம் 140 பேர். அகியாவின் வித்தியாசமோ 95. வேறு விதமாகவும் சொல்லலாம். பீகாரின் 90,712 வாக்குச்சாவடிகளைத் தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் தொகுதிக்கு 370க்கும் மேல். நான்கு சாவடிகளுக்கு ஓர் ஏழையின் பெயர் தவறாக அடிக்கப்பட்டிருந்தால், ஏறக்குறைய 95 என்ற வித்தியாசம் அங்கேயே தோன்றிவிடும். அகியாவில் அப்படித்தான் நடந்தது என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அப்படி நடக்கவில்லை என்று சொல்லும் தகுதி ஆணையத்துக்கு இல்லை என்கிறோம்.

புகார் வரவில்லையாம்

இதற்கு ஆணையமும் அதன் தொலைக்காட்சி வழக்குரைஞர்களும் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். கட்சிகளுக்கு 1.6 லட்சம் வாக்குச்சாவடி முகவர்கள் இருந்தனர், ஆட்சேபணைகளோ அநேகமாக வரவே இல்லை, ஆகவே நீக்கம் சரியானது. உச்சநீதிமன்றமும் இதைக் கேட்டு வியந்தது.

இதில் நீதிமன்றத்தைவிட நாம் வியக்க வேண்டியது வேறு. பெயரை அடிக்கும்போது அரசு எவரிடமும் விண்ணப்பம் கேட்கவில்லை. திரும்பச் சேர்க்க மட்டும் உரிய படிவமும் ஆவணமும் கேட்கிறது. சூரத்தில் நெசவு ஆலையிலும் லூதியானாவில் செங்கல் சூளையிலும் நிற்கிற தொழிலாளி, தன் பெயர் அடிக்கப்பட்டதை அறிவதற்கே ஊரிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். அறிந்தாலும், கூலியை விட்டு, ரயிலேறி வந்து, அலுவலகத்தில் நிற்க வேண்டும். கொள்ளை போனவன் காவல் நிலையத்துக்கு வரவில்லை, ஆகவே கொள்ளையே நடக்கவில்லை என்பது எந்த ஊர் நியாயம்? இதை ‘வோட்பந்தி’ என்று நமது பொதுச் செயலாளர் தோழர் திபங்கர் தொடக்கத்திலேயே பெயரிட்டுச் சொன்னார். பணமதிப்பு நீக்கத்திலும் வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் ஏழைகள்தாம், கறுப்புப் பணக்காரர்கள் அல்லர்.

‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தோர்’ என்ற தலைப்பில் அடிக்கப்பட்டோரில் எத்தனையோ பேர் நம்மோடுதான் இருக்கிறார்கள். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் தகரக் கொட்டகைகளில் வாழும் பீகார்த் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரில் ‘இங்கே இல்லை’ என்று பெயர் போனது. இங்கே பெயர் சேர்க்கலாம் என்றால், வட இந்தியர்கள் தமிழகத் தேர்தலைக் கைப்பற்றப் போகிறார்கள் என்று கூச்சல் எழுகிறது. அந்தக் கூச்சலில் நமக்குப் பங்கில்லை. உழைக்கும் ஒருவனுக்கு உலகில் எங்கோ ஓரிடத்தில் வாக்கு இருந்தாக வேண்டும். எங்கே என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும். இரண்டு மாநிலங்களும் அவனைக் கைகழுவினால், அவனது கூலியைத் தீர்மானிக்கும் எந்தச் சட்டமன்றத்துக்கும் அவன் பொருட்டே அல்ல. தமிழர் நலன் என்ற பெயரில் இந்த ஏற்பாட்டுக்குத் துணைபோகிறவர்கள் திருப்பூர் முதலாளிகளுக்குத்தான் தொண்டு செய்கிறார்கள்.

மறுபுறத்தில், பீகாரின் தோல்வி முழுவதையும் திருத்தத்தின் கணக்கில் எழுதிவிட்டு நகர்வதும் ஏற்கத்தக்கதன்று. தேர்தல் அறிவிப்புக்குப் பத்து நாட்கள் முன்பு, செப்டம்பர் 26 அன்று, 75 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்குகளில் தலா 10,000 ரூபாய் போடப்பட்டது. நடத்தை விதிகள் நடப்புக்கு வந்த பிறகும் தவணைகள் தொடர்ந்தன. நுண்கடன் நிறுவனங்களின் வசூல் ஆட்களிடம் மானத்தை அடகு வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு 10,000 ரூபாய் என்ன பொருள் தரும் என்பதை உணராமல், ‘விலைபோய்விட்டார்கள்’ என்று பேசுவது மேட்டுக்குடித் திமிர். தொகுதி முறையின் விசித்திரமும் உண்டு. ஆளும் கூட்டணிக்குச் சுமார் 47 சதம் வாக்குகள், 202 இடங்கள். மகா கூட்டணிக்குச் சுமார் 38 சதம், 35 இடங்கள். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்ற இடதுசாரிகளின் பழைய கோரிக்கையைத் தூசி தட்டி எடுக்க இதைவிடத் தக்க தருணம் வராது. ஆனால் விகிதாச்சார முறையிலும் எண்ணப்படுவது பட்டியலில் இருப்பவரின் வாக்கு மட்டுமே. பட்டியலில் இல்லாதவருக்கு எந்த முறையும் ஒன்றுதான்.

நம் வாசலில்

அக்டோபர் 27 அன்று ஆணையம் இரண்டாம் கட்டத்தை 12 மாநிலங்கள், ஒன்றிய ஆட்சிப்பகுதிகளுக்கு அறிவித்தது. 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் படிவங்கள் வீடு வீடாகச் சென்றன. இம்முறை படிவத்தோடு ஆவணம் கேட்கவில்லை, 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தன் பெயரையோ உறவினர் பெயரையோ காட்டினால் போதும் என்றார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது. கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்தில் எறியப்பட்ட குடும்பம், 2005இல் இருந்த குடிசையின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் எந்தப் பட்டியலில் தேடும்? அந்தக் குடிசையை இடித்த அரசுதான் அதன் முகவரியையும் கேட்கிறது.

தோழர்கள் சிலரிடம் ஒரு தயக்கம் தென்படுகிறது. படிவம் நிரப்புவதும் பட்டியல் பார்ப்பதும் எழுத்தர் வேலை, புரட்சிகரக் கட்சியின் ஊழியருக்கு உரியதன்று என்று அவர்கள் கருதுகிறார்கள். திருத்தத்தையே எதிர்க்கும் நாம் அதற்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது முரணல்லவா என்றும் கேட்கிறார்கள். பீகாரின் தோழர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்கள். ஜூலை 9 அன்று மாநிலம் முழுவதும் சாலைகளை மறித்தார்கள், ஆகஸ்டில் சசாராமிலிருந்து பாட்னா வரை நடந்த வாக்காளர் உரிமைப் பயணத்தில் பங்கேற்றார்கள், உச்சநீதிமன்றத்திலும் வாதாடினார்கள், அடிக்கப்பட்ட பெயர்களைச் சேரி சேரியாகத் தேடியும் போனார்கள். தராரி தொகுதியில் 2015இல் தோழர் சுதாமா பிரசாத் வென்றது 272 வாக்குகளில். அந்த 272 எந்தத் தெருவில் கிடைத்தது, இந்த 95 எந்தத் தெருவில் போனது என்று அறியாத கட்சிக்கு அந்தத் தெருவின் நிலப் பிரச்சினையும் கூலிப் பிரச்சினையும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஏக்வாரி வாக்குச்சாவடியில் 1967இல் அடிபட்டவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான்.

2025 டிசம்பரில் வரைவுப் பட்டியல் வரும் என்று அறிவிக்கப்பட்டது. நமது கிளைகள் உள்ள ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பழைய பட்டியலையும் வரைவுப் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அடிக்கப்பட்ட பெயர்களைத் தெருமுனையில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். படிக்கும்போது உயிரோடு எழுந்து நிற்கிறவர்களின் பெயர், வயது, தொழில், நீக்கத்துக்கு ஆணையம் சொன்ன காரணம் ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். வெளியூரில் வேலைக்குப் போயிருப்பவர்களுக்கு வீட்டாரின் தொலைபேசியிலிருந்தே சொல்லி, உரிய படிவத்தைக் கெடு முடியுமுன் கொடுக்க வேண்டும். அலுவலர் வாங்க மறுத்தால், ஊரைத் திரட்டிக் கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கிளை வாரியாகத் திரட்டிய பட்டியல்கள் மாவட்டக் குழுக்களுக்கு வந்து சேரட்டும்.